சிடி பிளேயர் வாங்கும் முன்: காதைவிடக் கடிகாரத்தை நம்புங்கள்

குன்னூரில் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, கேசட் டெக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வரும். கொஞ்ச காலமாக சிடி பிளேயர்களும் மறுபடி வர ஆரம்பித்திருக்கின்றன. மலையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போகும் ராணுவ அதிகாரிகள், ஊட்டி, லவ்டேல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளை விட்டு ஊர் திரும்பும் ஆசிரியர்கள், காலி செய்யப்படும் எஸ்டேட் பங்களாக்கள் என்று பல வழிகளில் நல்ல பிளேயர்கள் சல்லிசாக வெளியே வருகின்றன. வாங்கியவர்கள் நேராகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பது இதைத்தான்: "அண்ணா, இதுல சவுண்டு எப்படி?"

"சவுண்டு அப்புறம் பாக்கலாங்க. டிஸ்க்கைப் போட்டா எத்தனை செகண்டுல படிக்குது?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்குகிறது. ஆனால் பிளேயரின் மதிப்பு பெரும்பாலும் அந்த செகண்டில்தான் இருக்கிறது.

சிடியில் இருப்பது எண்கள். நொடிக்கு 44,100 முறை, இடது வலது இரண்டுக்கும் தலா 16 பிட்டில் ஒலியை அளந்து எடுத்த கணக்கு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-ல் வகுத்த வரையறை இது, இன்றுவரை மாறவில்லை. 1982 அக்டோபரில் ஜப்பானில் 1,68,000 யென் விலையில் வந்த சோனி சிடிபி-101 படித்த அதே தட்டைத்தான் இன்றைய பிளேயரும் படிக்கிறது. தட்டில் கீறலோ தூசியோ இருந்தால், உள்ளே இருக்கும் பிழைதிருத்தும் பகுதி விட்டுப்போன எண்களைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். தடத்தின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுமே தெரியாமல் போனாலும் அப்படியே மீளும். அதையும் தாண்டினால் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் சத்தம் நின்றுபோகும், அல்லது பாட்டு தாவும்.

இதனால் என்ன ஆகிறதென்றால், லென்ஸ் (லேசர் ஒளியால் தட்டைப் படிக்கும் பகுதி மொத்தத்தையும் கடையில் அப்படித்தான் சொல்வோம்) தளர்ந்துபோன பிளேயர்கூட ஓடுகிறவரைக்கும் புதுசு மாதிரியே பாடும். "லென்ஸ் வீக் ஆயிடுச்சு, அதான் குரல் மங்கலா இருக்கு" என்று சொல்கிறவர்கள் கேசட் டெக்கின் ஹெட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஹெட்டில் அழுக்கேறினால் குரல் மங்கும். லென்ஸ் அப்படி இல்லை, கடைசி நாள் வரைக்கும் நன்றாகப் பாடிவிட்டு மறுநாள் 'நோ டிஸ்க்' என்று காட்டும். விற்கிறவர் வீட்டில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம் எப்படிச் சோதிப்பது? மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி, 70 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடியது. இரண்டாவது, கம்ப்யூட்டரில் எழுதிய சிடி-ஆர். மூன்றாவது, கொஞ்சம் கீறல் விழுந்தது. ஒரிஜினலைப் போட்டு ட்ரே மூடியதும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பத்து செகண்டுக்குள் மொத்தப் பாடல் எண்ணிக்கை திரையில் வந்தால் நல்லது. தட்டு சுற்றி, நின்று, மறுபடி சுற்றி, அரை நிமிடம் யோசித்துப் படிக்கிறதென்றால் லென்ஸோ மோட்டாரோ கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அடுத்து சிடி-ஆர். அதன் பளபளப்பு அலுமினியத் தட்டைவிடக் குறைவு, ஒளி குறைவாகத்தான் திரும்பி வரும். தளர்ந்த லென்ஸ் முதலில் தடுமாறுவது அதில்தான். ஆனால் 1980-களின் சில ஆரம்பகாலப் பிளேயர்களுக்கு சிடி-ஆர் எப்போதுமே கொஞ்சம் சிரமம், அவற்றை இதை வைத்து மட்டும் கழித்துவிட வேண்டாம்.

பிறகு ஒரிஜினலின் கடைசிப் பாட்டுக்கு நேராகத் தாவுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுகிறது, கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று போல வேகமாகச் சுற்றும் தட்டு, விளிம்பை எட்டும்போது சுமார் 200-க்கு இறங்கியிருக்கும். தட்டின் ஆட்டம் அதிகம் தெரிவதும், லென்ஸை நகர்த்தும் பல்சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருந்தால் சிக்குவதும் அங்கேதான். முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டி விற்கிறவரிடம் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். முடிந்தால் பிளேயர் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு இன்னொரு முறை கேளுங்கள். லென்ஸில் ஒரு குட்டி ப்ரீசெட் இருக்கும். அதைத் திருகி லேசர் ஒளியைக் கூட்டி, செத்துக்கொண்டிருக்கும் லென்ஸைச் சில வாரம் ஓட வைத்து விற்கிற வேலையும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சூடானதும் திணறினால் விட்டுவிட்டு வாருங்கள்.

இங்கே விலைக்கு வருகிறேன். என் கணக்கில், மாற்று லென்ஸ் கிடைக்கிற பிளேயர்தான் மதிப்புள்ள பிளேயர். முகப்பில் தங்க நிறமும் கனமான அலுமினியக் குமிழும் பார்த்து மயங்குகிறவர்கள் உள்ளே என்ன லென்ஸ் என்று பார்ப்பதில்லை. சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் போன்றவை எத்தனையோ கம்பெனிப் பிளேயர்களில் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நகல்தான் அதிகம், ஒரிஜினலின் ஆயுள் எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் பிளேயர் மறுபடி ஓடும். மாறாக, ஊசல் போல அசையும் கை வைத்த பழைய பிலிப்ஸ் சிடிஎம் மெக்கானிசம் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு. அது பழுதானால் இன்னொரு பழைய பிளேயரைப் பலி கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும். அதை வாங்குகிறவர் சேகரிப்பவராக இருந்தால் சரி, தினமும் காலையில் சுப்ரபாதம் போடுகிறவராக இருந்தால் வேண்டாம்.

ஓஎல்எக்ஸில் இன்னொரு கூத்து நடக்கிறது. பிளேயருக்குள், எண்களை ஒலியாக மாற்றும் டிடிஏ1541 சிப் இருக்கிறது என்ற ஒரே வரிக்கு விலை பல மடங்கு ஏறுகிறது. நல்ல சிப்தான், மறுக்கவில்லை. ஆனால் சிப்பின் பெயருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வறண்டுபோன கண்டன்சர்களையும் தேய்ந்த மோட்டாரையும் இலவசமாக வாங்கி வருகிறார்கள்.

எண்களை வைத்து மதிப்பிடுவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. பி.எம்.பி.ஓ (கண நேர உச்ச வாட்ஸ்) ஸ்டிக்கர் ஒட்டிய மினி செட்டுகளின் காலம் நினைவிருக்கும், ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதில் சிறு பங்குகூடக் கொடுக்காது. சிடி பிளேயர் முகப்பில் அதற்குப் பதில் '1 பிட்', '8 மடங்கு ஓவர்சாம்ப்ளிங்', '24 பிட்' என்று இருக்கும். ஓவர்சாம்ப்ளிங் என்றால் தட்டிலுள்ள எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டுக் கூடுதல் எண்களைச் செருகுவது. தட்டில் இருப்பது 16 பிட்தான், பிளேயர் அதை 24 ஆக்கிப் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆரம்பத்தில் பிலிப்ஸ் பிளேயர்களில் இருந்தது 14 பிட் சிப். நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங்கைச் சேர்த்து 16 பிட்டுக்குரிய தரத்தை அதிலிருந்தே எடுத்தார்கள். அன்று எண்ணை மட்டும் பார்த்து மட்டம் தட்டியிருந்தால் நல்ல பிளேயர் ஒன்றைத் தவறவிட்டிருப்போம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரைச்சல் பாட்டைவிட 100 டெசிபல் கீழே என்று பின்னால் அச்சிட்டிருப்பதும் எல்லாப் பிளேயரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒப்பிட உதவாது.

சரி, சவுண்டு.

நல்ல நிலையில் இருக்கும் இரண்டு பிளேயர்களுக்கு நடுவே வித்தியாசம் இருக்கிறதா? இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கடையில் இரண்டை அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் எல்லோரும் ஒன்றை "தெளிவா இருக்கு" என்று சொல்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் அது சத்தம் கூடுதலாகக் கொடுக்கும் பிளேயராக இருக்கும். சிடி பிளேயரின் அவுட்புட் வழக்கமாக 2 வோல்ட். சில கம்பெனிகள் 2.3 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கின்றன. வித்தியாசம் 1.2 டெசிபல்தான். காது அதைச் சத்தம் கூடியதாக உணர்வதில்லை. குரல் முன்னே வந்ததாக, மிருதங்கத்தின் இடந்தலை கனமானதாக, தம்புரா விரிந்ததாக உணர்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு சிடியில் எழுதிப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து இரண்டுக்கும் ஒரே எண் வருமாறு வால்யூமைத் திருகினால் போதும். பிறகு எது ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் வேறொருவர் மாற்றட்டும். பலபேர் அந்த நிமிடமே ஒப்பீட்டைக் கைவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

நூறு பாட்டை ஒரே தட்டில் அடைத்த எம்பி3 சிடியை வைத்து எந்தப் பிளேயரையும் எடைபோடாதீர்கள். சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட் ஓடுகிறது, அந்த எம்பி3-யில் பெரும்பாலும் 128. குறை பிளேயருடையது அல்ல.

காதுக்கு நிஜமாகத் தெரிகிற கோளாறுகளும் உண்டு. ஒரு பக்கம் மெலிந்து ஒலித்தால், பிளேயரின் பின்னால் செருகியிருக்கும் இரண்டு பின்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு மறு ஸ்பீக்கருக்குப் போனால் பிளேயர் காரணம், போகாவிட்டால் வயர், ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். மலையில் இது அடிக்கடி வருகிறது. சில பிளேயர்களில் அவுட்புட்டைத் துண்டித்து இணைக்க ஒரு ரிலே இருக்கும், அதன் முனைகள் ஈரத்தில் கறுத்துப்போகின்றன. தொடர்ந்து 'ம்' என்று அடிவயிற்றில் ஒலித்தால் பவர் சப்ளை கண்டன்சர். இவை இரண்டும் சின்ன வேலை, பேரம் பேச நல்ல காரணம்.

ஈரம் என்றதும் நம் ஊர் விஷயம் நீண்டுவிடும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அலமாரிக்குள் செருப்பே பூஞ்சை பிடிக்கும்போது லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? மேலே தெரியும் குட்டி லென்ஸில் படிந்ததை, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல் துடைத்துவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக், வெந்துபோகும். அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் பூஞ்சை ஏறிவிட்டால் துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆகவே பூட்டிக் கிடந்த பங்களாவிலிருந்து வரும் பிளேயர், ஓடாமலே கிடந்ததால் புதுசு என்று நம்பாதீர்கள். இங்கே தினமும் ஓடியதுதான் நன்றாக இருக்கும், அந்தச் சூடே அதைக் காய வைத்திருக்கும். மழைக்காலத்தில் ஸ்டாண்ட்பையில் விட்டு வைப்பது நல்லது. ஆனால் காற்றும் மின்னலும் உள்ள இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான் பல செட்டுகள் சாகின்றன. அலமாரியில் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கம் சிடிகளுக்கும் பொருந்தும், எல்இடி போட்டால் சூடு வராது.

ஊட்டிக் குளிரில் வாங்கி மேட்டுப்பாளையத்தில் இறக்கி உடனே ஆன் செய்கிறவர்கள் போன் போட்டுத் திட்டுவதும் உண்டு. குளிர்ந்த லென்ஸில் கீழ்நாட்டுச் சூடான காற்று பட்டு ஈரம் கோத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஓரிரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் போடுங்கள். கணப்பு மூட்டிய அறைக்குள் குளிர் அறையிலிருந்து கொண்டுவந்தாலும் இதேதான்.

வெளிநாட்டு ஆசிரியர் விட்டுச்சென்ற பிளேயர் என்றால் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். 120 வோல்ட் என்றோ 100 வோல்ட் என்றோ இருந்தால் நம் 230-ல் நேராகச் செருகிய நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அடாப்டர் பின்னை மாற்றினால் வோல்டேஜ் மாறாது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கடைசியாக, ஐந்து தட்டு, மூன்று தட்டு சேஞ்சர்கள். வசதிதான். ஆனால் பெல்ட்டும் பல்சக்கரமும் நிறைய, குளிரில் ரப்பர் இறுகி ட்ரே பாதியில் நின்றுவிடும், உள்ளே மாட்டிய தட்டை எடுக்கவே மொத்தத்தையும் கழற்ற வேண்டியிருக்கும். லென்ஸ் கிடைக்கும், உடைந்த பல்சக்கரம் கிடைக்காது. ஒரு தட்டு மட்டும் ஏற்கிற பிளேயரும் சேஞ்சரும் ஒரே விலைக்கு வந்தால், ஒரு தட்டையே எடுங்கள்.