நாற்பதில் ஒரு பள்ளம்

வெடித்துப்போன பெரிய விண்மீனின் அடர்ந்த மிச்சமான நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம் லட்சம் கோடி காஸ் அளவில் இருக்கும் என்று எழுதியதைப் படித்துவிட்டு, "அங்கே போய் அளந்தது யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. பூமியின் காந்தப்புலம் அரை காஸ்தான். அந்த விண்மீன்களோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன.

துடிக்கும் விண்மீனின், அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீனின், சுழற்சி எவ்வளவு மெதுவாகிறது என்று பார்த்து மதிப்பிடும் வழி ஒன்று உண்டு. ஆனால் அது கணக்குப் போட்டுச் சொல்வது. நேரடியாக அளக்க எக்ஸ் கதிர் வேண்டும். நம் காற்று மண்டலம் எக்ஸ் கதிரை விழுங்கிவிடுவதால் கருவியை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சில நியூட்ரான் விண்மீன்கள் பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை இழுக்கின்றன. அந்த வாயு காந்தக் கோடுகளின் வழியே வழுக்கி, துருவத்தில் வந்து மோதும். மோதிய இடம் எக்ஸ் கதிர் வீசும். இதுவரை சரி. நான் சொல்ல ஆசைப்படுவது இனிமேல் வருவதைத்தான்.

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமடிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். புலம் இவ்வளவு கடுமையாகும்போது அந்த வட்டத்துக்கு எந்த ஆற்றலும் இருக்கலாம் என்ற சுதந்திரம் போய்விடுகிறது. குறிப்பிட்ட சில அளவுகள் மட்டுமே அனுமதி. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, லட்சம் கோடி காஸுக்கு 11.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலை அளக்கும் அலகு). அது எக்ஸ் கதிரின் ஆற்றலேதான்! அதனால் சரியாக அந்த ஆற்றலுடன் வரும் ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, எலக்ட்ரான் பிடித்துக்கொள்கிறது. பிடித்த கையோடு வேறு திசையில் விட்டும் விடுகிறது. அடுத்த எலக்ட்ரான் பிடிக்கிறது. கூட்டத்துக்குள் முன்பின் தெரியாத ஆள் விறுவிறுவென்று நடந்து போய்விடுவார். எல்லாருக்கும் தெரிந்தவரை நாலு அடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார். அந்த ஃபோட்டானின் கதியும் அதுதான். மற்ற ஆற்றல்கள் தப்பி வர, நிறமாலையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். பள்ளம் எந்த ஆற்றலில் இருக்கிறது என்று படித்தால் காந்தப்புலம் தெரிந்துவிடும்.

1976 மே மாதம் ஜெர்மன் விஞ்ஞானி யோஆகிம் ட்ரூம்பரின் குழு பலூனில் அனுப்பிய கருவி, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 விண்மீனில் இதை முதன்முதலாகக் கண்டது. வேடிக்கை என்னவென்றால், முதலில் அவர்கள் பார்த்தது பள்ளத்தை அல்ல, 58 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே ஒரு மேட்டை. 40ஐ ஒட்டிய பள்ளம் என்று அப்புறம்தான் தெளிவானது. பள்ளத்தின் கரையை மேடு என்று நினைப்பது யாருக்கும் நடக்கக்கூடியதே.

விண்மீனின் ஈர்ப்பிலிருந்து ஏறி வரும் ஒளி, ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஹெர்குலிஸ் எக்ஸ்-1க்குச் சுமார் 4 லட்சம் கோடி காஸ் வருகிறது. (இவ்வளவு காந்தம் நம்மை ஏதும் செய்யாதா என்றும் கேட்டிருந்தார். தொலைவின் மும்மடிக்கு ஏற்ப அது குறைந்துகொண்டே போகும். இங்கே வருவது ஒன்றுமே இல்லை. காந்த வளையலால் நோய் தீரும் என்பவர்களுக்கு இதை வைத்து ஒரு புதுக் கடை போட வழியில்லை.)

அதே விண்மீனில் 1996 முதல் 2012 வரை அந்தப் பள்ளம் மெல்ல மெல்லச் சுமார் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கீழே இறங்கியது. வெவ்வேறு நாடுகளின் செயற்கைக்கோள்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. பார்த்ததையே மறுபடி பார்க்க எதற்குப் பணம் என்று கேட்கும் குழுக்களுக்கு இதைத்தான் நான் பதிலாக நீட்டுவேன்.

இப்போதைக்கு மிக அதிக ஆற்றலில் விழுந்த பள்ளம் சீனாவின் இன்சைட் செயற்கைக்கோள் கண்டது. ஸ்விஃப்ட் ஜே0243 என்ற விண்மீனில், 146 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில். அதாவது 16 லட்சம் கோடி காஸ். மற்ற வழிகளில் போட்ட கணக்குகள் அதே விண்மீனுக்கு இதைவிட மிகவும் குறைவாகச் சொல்லியிருந்தன. இரண்டும் சரியாக இருக்க முடியும். தொலைவில் இருக்கும் வாயு உணர்வது வடக்கு, தெற்கு என்ற எளிய காந்தத்தை. பள்ளம் விழுவதோ தரையை ஒட்டி. அங்கே காந்தக் கோடுகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, உள்ளூரில் பல மடங்கு வலுத்திருக்கலாம்.