மலைமேல் நியூட்ரான் எண்ணுகிறீர்களா? ஈயத்தைத் தள்ளி வையுங்கள்

காமா கதிரைத் தடுக்க ஈயச் செங்கல் அடுக்குவது ஆய்வகப் பழக்கம். சமவெளியில் அதனால் பெரிய கெடுதி இல்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நியூட்ரான் டிடெக்டரைச் சுற்றி அதே அடுக்கைக் கட்டினால், பிளவுப் பொருளே இல்லாத அறையிலும் அணுக்கருப் பிளவு (கனமான அணுக்கரு இரண்டாக உடைவது) நடப்பதுபோல் எண்ணிக்கை வரும்.

ஊட்டி சுமார் 2200 மீட்டர் உயரம். அங்கே தலைக்கு மேலுள்ள காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிராம். கடல் மட்டத்தில் 1030. இந்தக் குறைவினால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கிளப்பும் நியூட்ரான்கள் சென்னையைப்போல் நான்கைந்து மடங்காகின்றன. அதிக ஆற்றலுள்ள துகள் ஒன்று ஈயத்தில் மோதினால் ஒரே கணத்தில் பல நியூட்ரான்கள் சிதறும். காஸ்மிக் கதிரை அளக்கும் நியூட்ரான் மானிட்டரில் ஈயத்தை வேண்டுமென்றே வைப்பது இதற்காகத்தான். பிளவும் கொத்தாகத்தான் நியூட்ரான் தரும். வெறும் எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆய்வகத்தில் நியூட்ரான் மூலமாக வைக்கும் கலிஃபோர்னியம்-252 தானாகப் பிளக்கும்போது சராசரியாக 3.76 உடனடி நியூட்ரான்களும், சுமார் எட்டு உடனடி காமாக்களும் வெளிவரும். வெப்ப நியூட்ரானால் பிளக்கும் யுரேனியம்-235இல் நியூட்ரான் 2.4தான். உடைந்த பாதியான பிளவுத் துணுக்கு முதலில் நியூட்ரான்களை உதறும். மிஞ்சிய ஆற்றலைக் காமாவாக விடும். எனவே இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

அதற்கு, பிளவு நடந்த கணத்தைச் சொல்ல ஒரு பிளவு அயனி அறை (துணுக்கு கிளப்பும் மின்துடிப்பைப் பிடிக்கும் வாயு அறை), ஒரு மீட்டர் தள்ளி திரவ சின்டிலேட்டர் (கதிர் பட்டால் மினுங்கும் திரவம்). காமா 3.3 நானோநொடியில் வந்துவிடும். 2 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட், துகளின் ஆற்றல் அலகு) நியூட்ரானுக்கு 51 நானோநொடி, 1 எம்இவிக்கு 72. தூரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் எண்ணிக்கை ஏறும், ஆனால் வேக நியூட்ரான்கள் காமா உச்சியை நெருங்கிவிடும். சோடியம் அயோடைடு போன்ற மெதுவான படிகத்தில் இரண்டும் கலந்தே போகும். அந்தப் படிகத்திலேயே நியூட்ரான் மோதிக் கிளப்பும் காமாவும் ‘உடனடி’ காமா வேடம் போடும். நியூட்ரானைத் தடுக்க வைக்கும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடித்து விடும் 2.22 எம்இவி காமா மைக்ரோநொடிக் கணக்கில் தாமதமாக வருவதால், நேர வரம்பு வைத்து வெட்டிவிடலாம். அடுத்தடுத்த டிடெக்டர்களில் இன்னொரு தொல்லை: ஒரே நியூட்ரான் ஒன்றில் மோதி மற்றொன்றுக்குள் புகுந்து இரண்டாகக் கணக்காகும்.

கணினி மாதிரியாக்கத்தில் பலர் வாட் நிறமாலையை (பிளவு நியூட்ரான்களின் ஆற்றல் பரவலைச் சொல்லும் சூத்திரம்) எடுத்து, நியூட்ரானையும் காமாவையும் தனித்தனியே குலுக்கிப் போடுகிறார்கள். தடுப்புச்சுவர் தடிமனுக்கு அது தாராளம். ஒத்துநிகழ்வு (ஒரே நேரத்தில் பல டிடெக்டர்களில் விழும் துடிப்பு) எண்ணுவதற்குச் சுத்தமாக உதவாது. கலிஃபோர்னியத்தில் நியூட்ரான் எண்ணிக்கையின் மாறுபாட்டெண் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) சுமார் 1.6தான், ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்கான பாய்சான் கணக்கில் போட்டால் 3.76 ஆகிவிடும். நியூட்ரான்கள் ஓடும் துணுக்குகளிலிருந்து பிறப்பதால் திசைகளும் ஒரே அச்சை ஒட்டிக் குவியும். ஃப்ரேயா (FREYA), சிஜிஎம்எஃப் (CGMF) போன்ற கணினி நிரல்கள் ஒவ்வொரு பிளவையும் ஆற்றல் கணக்குச் சரிகட்டி நடத்துவதால் இந்தத் தொடர்புகள் பிழைக்கின்றன.

வானிலையையும் பதிவு செய்யுங்கள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் காஸ்மிக் நியூட்ரான் சுமார் முக்கால் சதவீதம் ஏறும். நம் பகுதியில் அழுத்தம் காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். மாலையும் விடியற்காலையும் நான்கு மணி வாக்கில் தாழ்வு. ஆகவே கலிஃபோர்னிய மூலம் வைக்காமல் பின்னணியை மட்டும் அளக்கும் வெற்று ஓட்டம் முழுதாக 24 மணி நேரமாவது வேண்டும். மழை பெய்தால், காற்றிலுள்ள கதிரியக்க வாயுவான ரேடான் வழிவந்த பிஸ்மத்-214 தரையில் இறங்கிக் காமாவைக் கூட்டும். மழை விட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்தால் அடங்கும். பனிமூட்டத்தில் உயர் மின்னழுத்த இணைப்பிகளில் ஈரம் ஏறிப் பொய்த் துடிப்புகள் கிளம்பும். சிலிக்கா ஜெல் பையை அடிக்கடி மாற்றுங்கள்.

ஈயம் நியூட்ரானிடமிருந்து ஆளையும் காப்பாற்றாது. பாலிஎதிலீன் அல்லது பாரஃபின்தான் வேண்டும். மூலத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி கட்டாயம். வாங்கியபின் மாதத்துக்கு சுமார் 2.2 சதவீதம் தேய்மானம் கழியுங்கள், அரையாயுள் 2.645 ஆண்டு. பழைய மூலத்தில் இந்தக் கழிவுக் கணக்கும் தவறாகும், ஏனெனில் உடன் கலந்த கலிஃபோர்னியம்-250, 13 ஆண்டு அரையாயுளுடன் தானும் பிளந்துகொண்டிருக்கும்.