பசலை எது, பாலக் எது?

போன புரட்டாசியில் மாடித் தோட்டத்துக்கு ஒரு விதைப் பொட்டலம் வாங்கினேன். மேலே கொட்டை எழுத்தில் 'பசலைக்கீரை' என்று இருந்தது. கொடி ஏறுவதற்கு நைலான் கயிறும் இரண்டு மூங்கில் கழியும் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முளைத்தது, இலை விட்டது, தொட்டிக்குள்ளேயே கொத்தாக விரிந்தது. கயிற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்திருந்தது பாலக். கடைக்குப் போய்க் கேட்டால், "அதுவும் பசலைதான் சார்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சமையல் வீடியோக்களிலும் பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களிலும் 'ஸ்பினாச்' என்று வரும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'பசலைக்கீரை' என்றுதான் போடுகிறார்கள்.

பசலை என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்குக் கீரைக்கு முன்னால் தலைவி நினைவுக்கு வருவாள். பிரிவில் அவள் மேனியில் படரும் நிற மாற்றம்தான் பசலை. திருக்குறளில் 119ஆம் அதிகாரமே 'பசப்புறு பருவரல்'. குறுந்தொகை 399இல் பரணர் அதை ஊர்க் கேணியில் படியும் பாசிக்கு ஒப்பிடுகிறார். காதலர் தொடத் தொட விலகுமாம், கையை எடுத்த இடமெல்லாம் மறுபடி பரவுமாம். பசுமை, பச்சை, பாசி, பசப்பு எல்லாம் ஒரே வேர்க் குடும்பம். கீரையின் பெயரும் பசுமையின் வேரான அந்தப் 'பசு'விலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. பச்சையாக இல்லாத கீரை எது? எல்லாக் கீரைக்கும் பொருந்தும் பெயர் ஏன் இந்தக் கொடிக்கு மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும்?

பக்கத்து மொழிகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கன்னடத்திலும் துளுவிலும் இது 'பஸளெ'. மலையாளத்தில் வள்ளிச்சீர என்ற பெயரோடு 'பசள', 'வசள' என்றும் சொல்கிறார்கள். இவையெல்லாம் ளகரம். தமிழிலும் 'பசளை' என்ற வடிவம் உண்டு. ஈழத்தில் இந்தக் கீரை 'பசளி'. (அங்கே கடையில் போய்ப் 'பசளை' என்று கேட்டால் உர மூட்டையைக் காட்டுவார்கள்.) ஆக, செடியின் பெயர் முதலில் ளகரத்தோடு இருந்து, தலைவியின் பசலை பிரபலமானதால் லகரத்துக்கு மாறியிருக்கலாம் என்று ஒரு வாதம் வைக்கலாம். ஆனால் தெலுங்கில் 'பச்சலி'. சங்கப் பாடல்களில் 'வயலை'. இரண்டும் லகரம். அதனால் பசளை என்று எழுதுபவரோடும் பசலை என்று எழுதுபவரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

வயலை என்றது இந்தக் கொடியைத்தான் என்று அகராதிகள் சொல்கின்றன. ஐங்குறுநூற்றின் 11ஆம் பாட்டில் ஓரம்போகியார், 'மனைநடு வயலை வேழஞ் சுற்றும்' என்கிறார். வீட்டில் நட்ட வயலைக்கொடி வெளியே போய் நாணலைச் சுற்றிக்கொள்கிறது. மனைவியை விட்டு வேறிடம் போகும் தலைவனைக் குத்திக் காட்டத்தான் இந்தக் கொடி வருகிறது. எனக்கு அதில் பிடித்த சொல் 'மனைநடு'. காட்டில் தானாகக் கிடந்ததல்ல, வீட்டில் நட்டு வளர்த்த கொடி. இன்றும் முற்றத்துக் கொடிப்பசலைக்கு இரண்டு நாள் கயிறு கட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில்தான் நிற்கும்.

இந்தக் கொடியின் அறிவியல் பெயரும் நம் பக்கத்துச் சொல்தான். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றைத் தொகுத்தார். அதன் 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. உள்ளூரார் சொன்ன பெயர் அதில் 'பசெல்லா' என்று ஏறியது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே பேரினப் பெயராக்கினார். சிவப்புத் தண்டு உள்ளதைப் பசெல்லா ரூப்ரா என்று தனியாகச் சொல்வதுண்டு. இன்று வெள்ளைத் தண்டு, சிவப்புத் தண்டு இரண்டும் பசெல்லா ஆல்பா என்ற ஒரே இனம்தான்.

லத்தீன் பெயர் நம்மிடமிருந்து போனது. பேச்சு ஆங்கிலமோ அதைக் கண்டுகொள்ளவில்லை. வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்த கீரை ஸ்பினாச். அதனால் இதற்கு 'மலபார் ஸ்பினாச்', 'சிலோன் ஸ்பினாச்' என்று ஒட்டுப்பெயர் வைத்தார்கள். பிறகு ஆங்கிலம் வழியாகக் கீரையைப் படித்த நாம், மலபாரையும் சிலோனையும் உதறிவிட்டு, ஸ்பினாச் என்றாலே பசலை என்று திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

உண்மையான ஸ்பினாச்சுக்கும் பசலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் ஊர் பாரசீகப் பக்கம். பாரசீகச் சொல் அரபுக்குப் போய், ஸ்பானிய 'எஸ்பினாக்கா'வாகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் ஸ்பினாச் ஆனது. சீனாவுக்கு 647இல் நேபாளத்திலிருந்து காணிக்கையாகப் போனதாகச் சீனப் பதிவு உண்டு. அவர்களும் அதைப் பாரசீகக் கீரை என்றே அழைத்தார்கள்.

இதிலும் ஒரு கிளைக் குழப்பம் இருக்கிறது. நம் சந்தையில் பாலக் என்று கட்டுக் கட்டாக விற்பதில் பெரும்பகுதி ஸ்பினாச்கூட இல்லை, பீட்ரூட்டின் உடன்பிறப்பு. கிழங்கு வைக்காமல் இலைக்காகவே வளர்க்கப்படும் பீட் வகை. டெல்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தின் 'ஆல் கிரீன்', 'பூசா ஜோதி' என்ற பாலக் ரகங்கள் இரண்டும் இந்த வகைதான். பாலக் என்ற சொல் சமஸ்கிருதத்தின் 'பாலக்யா'விலிருந்து இந்தி வழியாக வந்தது. அசல் ஸ்பினாச்சை இந்திக்காரர்கள் 'விலாயதி பாலக்' என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

வளர்த்துப் பார்த்தால் யார் எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்துவிடும். பசலைக்கு வெயிலும் ஈரமும் வேண்டும். சித்திரையில் மற்ற கீரைகள் சுருண்டு கிடக்கும்போது இது மட்டும் தளதளவென்று ஏறும். விதைகூட வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டில் முற்றிய தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டிச் செருகினால் போதும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விடும், ஒரு கொடியே பல மாதம் தாங்கும். பகல் குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் பூ வைத்துக் கருநீலப் பழம் பழுக்கும். ஒன்றை நசுக்கினால் விரல் முழுக்க ஊதா. சின்ன வயதில் அதைத் தொட்டு எழுதி, சட்டைப் பையையும் கறையாக்கி, அடியும் வாங்கியிருக்கிறேன். பீட்ரூட்டின் சிவப்பும் இதே நிறமிக் குடும்பம்தான். உறவில்லை என்று மேலே எழுதியதில் அந்தக் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

பாலக்குக்குப் பந்தல் வேண்டாம், ஒரு சாண் ஆழத் தொட்டி போதும். விதைத்த 30, 40 நாளில் முதல் அறுப்பு. குருத்தை விட்டு அறுத்தால் மறுபடி சில அறுப்பு கிடைக்கும். நம் சமவெளியில் புரட்டாசிக்கு மேல் தை வரை நன்றாக வரும். கோடையில் இலை சிறுத்து, புள்ளி விழுந்து, அப்படியே நின்றுவிடும். அசல் ஸ்பினாச் இன்னும் செல்லப்பிள்ளை. மண் சூடானால் முளைப்பதே குறைவு. வெப்பம் கூடினாலும் பகல் நீண்டாலும் இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டு எழுப்பும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் முயலலாம். சென்னையில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சமையலறையில்தான் பெயர்க் குழப்பம் நேரடியாகக் கையைக் கடிக்கும். பசலை இலை தடிமன், உள்ளே வழவழப்பு. பாசிப்பருப்புக் கூட்டுக்கும், புளி விட்ட குழம்புக்கும், கடலை மாவில் தோய்த்த பஜ்ஜிக்கும் அந்த வழவழப்பு நல்லது. மங்களூர்ப் பக்கம் தண்டோடு போட்டுத் தேங்காய் அரைத்துக் காரக் குழம்பு வைப்பார்கள். வங்காளிகளுக்கு இது 'புய் ஷாக்', இறால் போட்டுச் சமைப்பார்கள். ஆனால் வீடியோவில் 'பசலை பனீர்' என்று சொன்னதை நம்பிக் கொடிப்பசலையை வேகவைத்து மிக்ஸியில் அடித்தால், கரண்டியோடு நூல் நூலாக எழும்பும் ஒரு பசை கிடைக்கும். பனீருக்குப் பாலக்தான். பாலக், ஸ்பினாச் இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவதும், வேகவைத்த நீரை வடித்துவிடுவதும் நல்லது. பசலையிலும் ஆக்சலேட் உண்டு.

சரி, எதை எப்படிச் சொல்வது? பசலை என்ற பெயர் கொடிக்கே இருக்கட்டும். தரையில் படரும் சின்ன இலைத் தரைப்பசலை வேறு குடும்பச் செடி என்பதால், ஐயம் வரும் இடத்தில் கொடிப்பசலை என்று முழுதாகச் சொல்லலாம். பாலக்குக்குக் கீரைக்காரம்மாக்கள் ஏற்கெனவே வழி செய்துவிட்டார்கள். பாலக்கையும் கீரையையும் சேர்த்துப் 'பாலக்கீரை' ஆக்கினார்கள், கேட்டால் பிறமொழிச் சொல் என்றே தோன்றாது. அசல் ஸ்பினாச்சுக்கு நம்மிடம் ஒரு பழைய முன்னொட்டு சும்மா கிடக்கிறது. கடல் கடந்து வந்ததையெல்லாம் சீமைக்கத்தரி, சீமைஅகத்தி, சீமைக்கருவேலம் என்றுதானே அழைத்தோம்? இதைச் சீமைப்பாலக்கு என்று சொன்னால் விலாயதி பாலக் என்பதற்கும் பொருள் பிசகாது.

விதை வாங்கும்போது பொட்டலத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும், நாலு விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மிளகு போல உருண்டு கறுத்திருந்தால் பசலை, பந்தல் போடலாம். பீட்ரூட் விதை போல பழுப்பாக, கோணல்மாணலான தக்கைக் கட்டியாக இருந்தால் பாலக்கீரை. கயிறு வாங்கிய காசு மிச்சம்.