குடும்ப ஜெபத்தில் யாருக்குத் திட்டு விழுகிறது?

"மேடம், பையன் கோயிலுக்கே வரமாட்டேங்கான். நீங்கதான் நாலு வார்த்தை சொல்லணும்."

திருநெல்வேலிப் பக்கம் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறவள் நான். பரீட்சைப் பயம், செல்போன் இரண்டுக்கும் அடுத்தபடியாக கிறிஸ்தவப் பெற்றோரிடமிருந்து அதிகம் வருகிற புகார் இதுதான். வருகிறவர்கள் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) என்று எதிலும் குறை வைக்காதவர்கள்.

பையனிடம் தனியாகப் பேசினால் கடவுளைப் பற்றி அவன் அதிகம் சொல்வதில்லை. ராத்திரி ஜெபத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம். பல வீட்டுக் கதைகளைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறேன். ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துப் பாய் விரிக்கிறார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்புறம் அப்பாவின் ஜெபம். முதலில் ஸ்தோத்திரம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. கொஞ்ச நேரத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில சிலபேர் போனைக் கீழ வைக்க மாட்டேங்காங்க, பெத்தவங்களை எதிர்த்துப் பேசுதாங்க, அவங்களைத் தொடும் ஆண்டவரே" என்று தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பதே நாலு பேர். அந்த 'சிலபேர்' யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெப நேரத்தில் பதில் பேசவும் முடியாது. கடைசியில் அந்தத் திட்டுக்கு அவனே ஆமென் வேறு சொல்ல வேண்டும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அதில் புரிவது ஒன்றுதான்: கடவுள் அப்பா கட்சி. அப்புறம் அப்பா மேல் வருகிற கோபமெல்லாம் கடவுள் மேலும் போகிறது. கோயிலுக்கு வரமாட்டேன் என்கிற பிள்ளைகளில் பலர் விசுவாசத்தை எதிர்க்கவில்லை, வீட்டை எதிர்க்கிறார்கள் என்பது என் அனுபவம். அதற்கு அவர்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் ஞாயிற்றுக்கிழமை காலை.

வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-ல் தொடங்கி 35 ஆண்டுகள், 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அம்மா அப்பாவிடம், குறிப்பாக அப்பாவிடம், பாசத்தையும் நெருக்கத்தையும் உணர்ந்த பிள்ளைகள்தான் பெற்றோரின் விசுவாசத்தில் அதிகம் நிலைத்தார்கள் என்று அவர் கண்டார். பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தாலும், உறவு குளிர்ந்துபோன வீடுகளில் அது பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. தாத்தா பாட்டியின் பங்கும் அவர் கணக்கில் பெரிதாகவே இருந்தது. அது அமெரிக்க நிலவரம், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் அறையில் நான் கேட்பது அதிலிருந்து அதிக தூரம் விலகியதில்லை.

நம் வீடுகளில் எபேசியர் 6:1-ஐ, "பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்" என்பதை, மனப்பாட வசனமாகவே வைத்திருக்கிறோம். மூன்று வசனம் தள்ளி, "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று டியூஷன். ஒன்பதாம் வகுப்புவரை ஓய்வுநாள் பள்ளிக்குக் கட்டாயம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும், "ஒரு வருஷம்தானே, ஆண்டவர் புரிஞ்சுக்குவார்" என்று ஞாயிறு காலை சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நீட். கல்லூரி சேர்ந்த பிறகு "ஏண்டா கோயிலுக்கு வரல?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? வீட்டில் எது முதல், எது இரண்டாவது என்பதை நாம் வாயால் சொன்னதை வைத்து அவன் படிக்கவில்லை, டைம்டேபிளை வைத்துப் படித்தான். டியூஷனுக்குச் சனிக்கிழமையும் மற்ற நாட்களும் இருக்கின்றனவே!

கேள்விகளும் இந்த வயதில்தான் வரும். பன்னிரண்டு வயதையொட்டி அருவமான விஷயங்களை யோசிக்கிற திறன் மூளைக்கு வருகிறது. பிள்ளைகள் தாங்களே விசுவாசத்தை அறிக்கையிடத் தயாராகிற திடப்படுத்தல் வகுப்பும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வருகிறது. "அத்தைக்கு எல்லாரும் ஜெபம் பண்ணோமே, ஏன் செத்துப்போனாங்க?" என்று பிள்ளை கேட்டால், "அப்படிக் கேட்கக் கூடாது" என்பது மிக மோசமான பதில். பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும், யோசிப்பதை நிறுத்தாது. அப்புறம் அந்தக் கேள்வி யூடியூபுக்குப் போகும். "எனக்கும் அது புரியலப்பா, எனக்கும் அப்போ கோபம் வந்துச்சு" என்று அப்பா சொன்ன வீடுகளில் பேச்சு தொடர்ந்திருக்கிறது.

உபாகமம் 6-ம் அதிகாரத்தில் பெற்றோர் எல்லோரும் ஏழாம் வசனத்தைச் சொல்வார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பேசச் சொல்கிற வசனம். அதில் பிரசங்க மேடை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே அதிகாரத்தின் 20-ம் வசனம் பிள்ளை கேள்வி கேட்கும் என்றே எதிர்பார்க்கிறது. கேட்டால் சொல்லச் சொல்கிற பதிலும் "நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம்" என்று தொடங்குகிற குடும்பக் கதைதான். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று இருக்கும். கொள்ளுத்தாத்தா எப்படி இந்த வழிக்கு வந்தார், பாட்டி எந்தக் கஷ்டத்தில் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

ஜெபத்தைச் சுருக்குங்கள், பத்து நிமிஷம் போதும். பாட்டைப் பிள்ளை எடுக்கட்டும். திட்ட வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே, நேராக முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள்.

கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறவர்களுக்கு நேர் எதிரான பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கவலை. ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒரு வார்த்தை தவறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். மத்தேயு 12-ல் வருகிற, மன்னிக்கப்படாத தூஷணத்தைத் தான் செய்துவிட்டோமோ என்று தூக்கமில்லாமல் கிடப்பார்கள். பெற்றோர் பெருமையாக "ரொம்ப ஜெபிக்கிற பிள்ளை" என்பார்கள். இது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். துறவியாக இருந்த நாட்களில் மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி இல்லாமல் தவித்தார் என்பது வரலாறு. அவருக்கு இதே நோய்தான் என்று சொல்ல வரவில்லை, அந்தத் தவிப்பை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா?

இந்தப் பிள்ளைகளிடம் "இன்னும் நல்லா ஜெபம் பண்ணு" என்று சொன்னால் சுழற்சி இறுகும். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை உண்டு, பேச்சு முறையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே உதவுகின்றன. போதகர் ஐயாவிடமும் சொல்லிவையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசினால் பிள்ளைக்குக் குழப்பம் குறையும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.