தீயணைப்பானை அழுத்திப் பார்க்காதீர்கள்

போன வாரமும் அதே கதைதான். ஓர் அடுக்குமாடி வீட்டில் இன்வெர்ட்டர் ஒயர் பற்றியிருக்கிறது. வீட்டுக்காரர் பதறாமல் தீயணைப்பானை எடுத்து, பின்னை இழுத்து அழுத்தியிருக்கிறார். ஒரு கைப்பிடி பவுடர் விழுந்ததோடு சரி. மெயினை அணைத்து, எதிர்வீட்டுத் தீயணைப்பானைக் கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள். நல்லவேளை, அதில் காற்று இருந்தது.

முதலில் அடித்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் சிவப்பின் அடியில் கிடந்தது. பின்னைக் கட்டிவைக்கும் சீல் இல்லை. நாஸில் நுனியில் பழைய பவுடர் காய்ந்து ஒட்டியிருந்தது. "வாங்கின அன்னைக்கே ஒரு தடவை அடிச்சுப் பார்த்தோம் சார், நல்லாத்தான் வந்துச்சு" என்றார்.

இதே பதிலை எத்தனை வீட்டில் கேட்பது! அரை வினாடி அழுத்தினாலும் பவுடர் வால்வு வழியாகத்தான் வெளியே வரும். கையை எடுத்ததும் வால்வு மூடிக்கொள்ளும், ஆனால் முழுதாக மூடாது. இடுக்கில் சிக்கிய நாலு துகள் போதும், பவுடரை வெளியே தள்ள உள்ளே அடைத்த நைட்ரஜன் கசிந்துகொண்டே இருக்கும். அடித்துப் பார்த்த அன்று முள் பச்சையில்தான் நிற்கும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறீர்கள். சில நாளில் காற்று போய்விடும், பவுடர் அப்படியே இருக்கும். தூக்கிப் பார்த்தால் கனமாக இருப்பதால் சந்தேகமும் வராது. "கொஞ்சம்தானே அடித்தோம்" என்ற பேச்சே இங்கே கிடையாது. ஒரு முறை அழுத்தினால் ரீஃபிலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். பின்னை மட்டும் தொடாமல்.

மாதம் ஒரு தடவை ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். முள் பச்சையில் இருக்கிறதா, சீல் அறுந்திருக்கிறதா, ஹோஸில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். நாஸிலுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்துவைத்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்றால் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள், 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வைத்தது. சித்திரைப் பிறப்பும் அதையொட்டியே வருவதால் அந்த வாரத்தில் சர்வீஸ் வைத்துக்கொண்டால் மறக்காது.

சர்வீஸுக்கு வருகிறவர் துணியால் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனால் பணம் கொடுக்காதீர்கள். எங்கள் தொழிலில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள், சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ரீஃபில் என்றால் என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள், பழைய பவுடரைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். அங்கே தீப்பிடித்தால் எப்படிப் போய் எடுப்பீர்கள்? வெளியே போகிற வழியில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். முன்னால் செருப்பு ஸ்டாண்டு வைத்து மறைக்காதீர்கள்.

வாணலி எண்ணெய் பற்றினால் பவுடரைக் கிட்டே நின்று அடிக்கக் கூடாது, வேகத்தில் எண்ணெய் தெறித்துவிடும். தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் இருந்து தள்ளி மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். மற்ற தீயில் அடியைப் பார்த்து அடியுங்கள். வீட்டுத் தீயணைப்பான் சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்கவில்லை என்றால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, 101-ஐக் கூப்பிடுங்கள்.