பட்டாளத்து அடுப்பின் நீலத் தீ

சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் பித்தளை பம்ப் ஸ்டவ் ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் பர்னரைப் பாருங்கள். தொட்டி கொஞ்சம் நசுங்கியிருந்தால்கூடத் தட்டி நிமிர்த்திவிடலாம். வித்தையெல்லாம் மேலே வளைந்து திரும்பும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்கள் மூட்டையில் கட்டிச் சுமந்த அடுப்புகளுக்கும் இதுதான் அடிப்படை.

மண்ணெண்ணெய் திரவமாக எரிவதில்லை, ஆவியாகித்தான் எரிகிறது. சிம்னி இல்லாத திரிவிளக்கில் அந்த ஆவிக்குப் போதுமான காற்று உடனே கிடைக்காது. எரியாமல் தங்கிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் நமக்கு மஞ்சள் தீயாகத் தெரிகிறது. பாத்திரத்தின் அடியில் படியும் கரியும் அதுவேதான். 1892-ல் சுவீடனைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ் என்ற பம்ப் அடுப்பில் திரியே கிடையாது.

பற்றவைக்கும் முறையைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். பர்னருக்குக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்க வேண்டும். குழாய் நன்றாகக் காய்ந்ததும் காற்றுத் திருகை மூடிவிட்டு பம்ப் அடிக்க வேண்டும். தொட்டிக்குள் சேரும் காற்று மண்ணெண்ணெயை அழுத்தி மேலே தள்ளும். காய்ந்த குழாயில் அது ஆவியாகி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை வழியாகச் சீறிப் பாயும். பாயும் வேகத்திலேயே சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக் கலந்துகொள்ளும். கிடைப்பது நீலத் தீ. அப்புறம் ஸ்பிரிட் வேண்டியதில்லை. அந்தத் தீயே குழாயைச் சூடாக வைத்து, அடுத்து வரும் எண்ணெயை ஆவியாக்கும். அவசரப்பட்டு, காயாத குழாயில் பம்ப் அடித்தால் எண்ணெய் திரவமாகவே பீய்ச்சி, மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு எழும். அடுப்பு திக்கித் திக்கி எரிந்தால் துளையில் கரி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஸ்டவ் ஊசியால் ஒரு குத்து குத்தினால் சரியாகிவிடும்.

1942-ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கோல்மேன் நிறுவனம் செய்த கையடக்க அடுப்பு ஓடியது பெட்ரோலில். ஜீப்புக்கும் லாரிக்கும் போகிற எரிபொருளே சமையலுக்கும் ஆகிவிட்டால் சுமை மிச்சம்தானே? சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் அதை அடக்கியிருந்தார்கள். பெட்ரோல் கடுங்குளிரிலும் எளிதில் ஆவியாகும் என்பது இன்னொரு வசதி. அதனாலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவது உயிரோடு விளையாடுகிற வேலை. அந்தத் தொட்டியும் திருகும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சரி, நம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்? அங்கே உயரம் 1,500 மீட்டர் அளவில். காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே துளை இழுக்கும் ஆக்சிஜனும் குறையும். தீயில் கொஞ்சம் மஞ்சள் எட்டிப்பார்க்கலாம். உயரமான மலைகளுக்கு இன்னும் சிறிய துளையுள்ள முனை மாட்டுவது இதனால்தான்.

தண்ணீரும் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பம்ப் அடித்து அடித்துத் தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, பருப்புக்குக் கூடுதல் சூடு ஏறாது. குக்கர் வைத்தால் கதை வேறு: வெயிட் நீராவியை அடக்கிப் பிடிப்பதால் உள்ளே சூடு 115 டிகிரியைத் தாண்டும், பருப்பும் குழைந்துவிடும்.