போர்க்களத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) காலத்து 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழின் பெரிய படங்களில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். குதிரைகள், புகை, விழுந்து கிடப்பவர்கள். கண் பழகியதும், வானத்தின் குறுக்கே நூல் பிடித்தாற்போல மெல்லிய வெள்ளைக் கோடு தெரியலாம். அது ஓவியர் போட்டதில்லை. இரண்டு மரக்கட்டைகள் சேரும் இடம்.

புகைப்படம் அப்போதே வந்துவிட்டது. பத்திரிகையில் அதை அச்சிடத்தான் வழியில்லை. படம் ஈய எழுத்துகளோடு ஒரே பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால், எழுத்தைப் போலவே மை படும் இடம் மேடாக இருக்க வேண்டும். அதற்கு வாகானது பாக்ஸ்வுட் மரம். அதைக் குறுக்கே அறுத்து, வளையங்கள் தெரியும் முகத்தில் செதுக்குவார்கள். நெடுக்காக அறுத்த பலகையில் உளி நார் போன போக்கில் இழுத்துக்கொண்டு போகும். குறுக்குமுகத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மயிரிழைக் கோடு விழும். ஒரே சிக்கல், இந்த மரம் அவ்வளவாகப் பருக்காது. சில அங்குலக் கட்டைகள்தான் கிடைக்கும். பல கட்டைகளைப் போல்ட் போட்டு முடுக்கித்தான் பெரிய படத்துக்கு இடம் பிடித்தார்கள்.

அந்தக் குறையே வேகத்துக்கு வழிவிட்டது. கட்டைமேல் வெள்ளை பூசி, படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள் (மறந்தால், அச்சில் படை முழுக்க இடதுகையில் வாள் பிடித்து நிற்கும்!). இணைப்பைத் தாண்டும் கோடுகளைத் தலைமைச் செதுக்குநர் முதலில் வெட்டிவிடுவார். அப்புறம் போல்ட்டைக் கழற்றி ஆளுக்கொரு கட்டை. ஒருவருக்கு வெறும் மேகம், இன்னொருவருக்குக் குதிரையின் பின்பாதி. முடிந்ததும் மறுபடி முடுக்கி, செம்பில் பிரதியெடுத்து அச்சுக்கு அனுப்பினார்கள்.

களத்தில் நின்று வரைந்தவர்களில் ஆல்ஃபிரட் வோட் முக்கியமானவர்; 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்திலும் இருந்தார். அவர் அனுப்பியவை அவசரப் பென்சில் ஓவியங்கள். வரைய நேரமில்லாததை ஓரத்தில் எழுதிவிடுவார். மீதியை நியூயார்க்கில், இதழின் அலுவலகத்தில் மேசைமுன் இருந்தவர்கள் நிரப்பினார்கள். மூலத்தில் இருக்கும் பதற்றம் அச்சில் பாதி ஆறிப்போய்விடுகிறது. எனக்கென்னவோ மூலங்கள்தான் பிடிக்கும்.

வரைபடக்காரர்களும் இதே வித்தையைத்தான் கையாண்டார்கள். 1864இல் அட்லாண்டாவை நோக்கி வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் கிளம்புமுன், சாட்டனூகாவில் தயாரான வரைபடத்தை 16 துண்டாக வெட்டிப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் துண்டை மெல்லிய தாளில் எண்ணெய்ப்பசை மையால் இராப்பகலாக நகலெடுத்தார்கள். தாளைக் கல்லில் கவிழ்த்து அழுத்தினால் மை கல்லுக்கு மாறும். கல்லை நனைத்தால், உருளையில் உள்ள மை அந்தக் கோடுகளில் மட்டும் ஒட்டும். தாளிலிருந்து கல்லுக்குப் போகையில் ஒருமுறை, கல்லிலிருந்து தாளுக்கு வருகையில் ஒருமுறை என்று படம் இருமுறை புரள்வதால், இங்கே இடவலம் மாற்றி வரையும் தொல்லை இல்லை.

முக்கியமாகக் குதிரைப்படைக்காகத் துணியிலும் அச்சிட்டார்கள். மடித்துச் சட்டைப்பையில் திணிக்கலாம், மழையில் கிழியாது. அழுக்கேறினால் துவைத்துக்கொள்ளலாம்.